திறக்காத பானெட்டும் ஒரு தென்னை ஈர்க்கும்

ஆடி மாதம், காலை ஆறு மணி. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று ஒரு கையில் சொம்போடு வண்டிக்குள் குனிந்து, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் குமிழை இழுத்தேன். வழக்கமாக முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பானெட்டு ஒரு விரல் அளவு எழும்பும். அன்றைக்குச் சத்தமே இல்லை. இன்னொரு தடவை இழுத்தேன். மூன்றாவது தடவை சொம்பைக் கீழே வைத்துவிட்டு, காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. அதன் வாலில் நான்கு விரல் நீளத்துக்குக் கம்பி, நுனியெல்லாம் பிரிபிரியாக.

பின்னால் ஐந்நூறு தேங்காய் ஏற்றித் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தோம். வியாழக்கிழமை, பொள்ளாச்சிச் சந்தை நாள். சந்தை கூடிவிட்டால் ரோட்டில் மாடும் வண்டியும் நெரியும், அதற்கு முன்னால் போய்க் காயை இறக்கிவிட்டு வந்துவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு எதுவும் போகவில்லை.

வண்டி அம்பாசடர் மார்க் 2. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, 1971-ல் பழையதாக வாங்கியது. பதின்மூன்று வருடம் காராகவே ஓடியது. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, பழனி, எல்லாவற்றுக்கும் அதுதான். 1984-ல் பின்பக்கக் கூரையை வெட்டி, பின் சீட்டை எடுத்துவிட்டு, தகரமும் வேங்கைப் பலகையும் போட்டுப் பிக்கப் ஆக்கினார். அந்த மாற்றத்தைப் பதிந்த ஆர்.சி. புத்தகம் இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற சீமை இது. ஒரு காரை வெட்டித் தேங்காய் வண்டி ஆக்குவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். அதற்கும் வெகு காலம் முன்னால், 1920-ல், ஜி.டி. நாயுடு தன் முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில்தான் ஓட்டத் தொடங்கினார். எங்கள் பிக்கப்பும் அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் வழியில் நின்றால் தாங்களே பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டவர்கள். அப்புச்சியும் அப்படித்தான்.

வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, 1957-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் தொடங்கி, 2014 வரைக்கும் அதே உடம்போடு வந்துகொண்டிருந்த வண்டி இது. எங்களுடையதில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின். தண்ணீர், ஆயில், பிளக், பாயிண்ட், இந்த நான்கையும் ஒழுங்காகப் பார்த்தால் நம்மைக் கைவிடாது. ஆனால் இந்த நான்குமே பானெட்டுக்குக் கீழே இருக்கின்றன. பேட்டரியும் அங்கேதான். பானெட்டு திறக்கவில்லை என்றால் மற்ற எதுவும் நம் கையில் இல்லை.

சத்தம் கேட்டு வந்த பக்கத்துத் தோட்டத்து மாமா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கடப்பாரையக் கொண்டா மாப்ள, ஒரே நெம்பு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் நெம்பியிருந்தால் திறந்தும் இருக்கும். ஆனால் பானெட்டின் மூக்கு மடங்கியிருக்கும், கிரில்லுக்கு மேலே இருக்கும் தகடு கோணியிருக்கும், அப்புறம் எந்த டிங்கர் தட்டினாலும் அந்தப் பழைய வளைவு திரும்பி வராது. "இருங்க மாமா, இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துப் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காயை இறக்கச் சொன்னேன். "தண்ணி நேத்துதானே ஊத்துன, அப்படியே ஓட்டீட்டுப் போயிட்டு வா" என்றும் ஒரு யோசனை வந்தது. அதுவும் வேண்டாம் என்று வைத்தேன். வழியில் சூடேறி நின்றால் ரோட்டோரத்தில் திறக்க முடியாத இஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொரு பயமும் இருந்தது. நான் இழுத்த இழுப்பில் லாக் பாதி விலகியிருந்து, ஓடும்போது பானெட்டு எழுந்துவிட்டால்? அப்புச்சிக்குக் கோமங்கலம் பக்கம் ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. முன் கண்ணாடி முழுக்க மூடிவிட, ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி ஓரம் கட்டினாராம். அம்மா அப்போது உள்ளே இருந்தாள். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வாள்.

ஆனைமலையில் எங்கள் வண்டியை முப்பது வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். இப்போது கண் சரியில்லை, பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். அவருக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"ஏங் கண்ணு, அமுக்கிப் பாத்தியா?"

"இல்லீங்கண்ணா, இழுத்துத்தான் பாத்தேன்."

"மொதல்ல அமுக்கோணும். அமுக்கீட்டு இழுக்கோணும். ஒருத்தரே செய்யற வேலையில்ல அது."

இந்த ஒரு வரிக்குள் அந்த லாக்கின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

பானெட்டின் அடியில், முன் நுனியில், சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு முளை தொங்குகிறது. அதன் நுனி பம்பரத்தின் ஆணிப் பக்கம் போலக் கூம்பு. கூம்புக்கு மேலே சிறுத்த கழுத்து. முளையைச் சுற்றி ஒரு தடித்த ஸ்பிரிங். கீழே, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் குறுக்குத் தகட்டில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கு அடியில் பக்கவாட்டில் நகரும் ஒரு பட்டை. பானெட்டை மூடும்போது கூம்பு அந்தப் பட்டையை ஒதுக்கிக்கொண்டு இறங்கும். கழுத்து வந்ததும் பட்டை தன் சின்ன ஸ்பிரிங்கின் இழுப்பில் திரும்பி வந்து கழுத்தைக் கவ்விக்கொள்ளும். நாம் உள்ளே இழுக்கும் கேபிள் செய்வதெல்லாம் அந்தப் பட்டையை அரை அங்குலம் நகர்த்துவதுதான்.

இப்போது அந்தத் தடித்த ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். மூடியிருக்கும் நேரமெல்லாம் அது பானெட்டை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. லாக் விட்டதும் பானெட்டு தானாக எழும்புவது அதனால்தான். அந்தத் தள்ளல் முழுவதையும் தாங்குவது பட்டை. அதாவது கூம்பின் தோள் பட்டையை அடியிலிருந்து மேலே நெருக்கிக்கொண்டிருக்கிறது. எண்ணெய்ப் பசை இருக்கும்வரை பட்டை அந்த நெருக்கலிலும் வழுக்கிக்கொண்டு நகரும். பசை காய்ந்து துரு ஏறினால் நகராது. நாம் இழுக்க இழுக்கக் கேபிள்தான் தேயும். மேலிருந்து பானெட்டை அமுக்கினால் கூம்பு கீழே இறங்கும், பட்டைக்கு அந்தச் சுமை போய்விடும், லேசான இழுப்புக்கே நகர்ந்துவிடும். இதைக் குத்துவிட்டுச் செய்யக் கூடாது. முளைக்கு நேர் மேலே மடித்த சாக்கைப் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் பதித்து, உடம்பின் பாரத்தை மெல்ல இறக்க வேண்டும். ஒருவர் அமுக்கும் அந்த நேரத்தில் இன்னொருவர் உள்ளே இழுக்க வேண்டும். ஜீப்பில் பானெட்டின் இரண்டு பக்கமும் வெளியிலேயே கொக்கி இருக்கிறது, அவர்களுக்கு இந்தப் பாடு கிடையாது.

என் கேபிள்தான் அறுந்துவிட்டதே. அதற்கும் வழி சொன்னார் அண்ணன். "உள்கம்பி உள்ளதான் இருக்கும், மேல் உறைய உரி" என்றார். இந்த மாதிரிக் கேபிளின் மேல் உறை ஒரே குழாய் கிடையாது, எஃகுக் கம்பியைச் சுருள் சுருளாக நெருக்கிச் சுற்றியது. டாஷ்போர்டுக்குக் கீழே அந்த உறையைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றி, உறையின் நுனியைக் குறட்டால் பிடித்து இழுத்தால் பழைய ஸ்பிரிங் மாதிரி நீண்டு வந்தது. ஒரு சாண் நீட்டி, கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன். ஆக்சா பிளேடைத் தொடவில்லை, உறையோடு சேர்ந்து உள்கம்பியும் அறுந்துபோகும். இப்போது நான்கு அங்குல உள்கம்பி வெளியே தெரிந்தது. அதைக் கிரிப் பிளேயரால் இறுக்கிக் கவ்விக்கொண்டேன்.

என் மனைவி அமுக்கினாள், நான் இழுத்தேன். வரவில்லை. இடத்தை இரண்டு விரல் தள்ளி அமுக்கிப் பார்த்தோம். வரவில்லை. மறுபடியும் இழுக்கக் கை பரபரத்தது. காலையில் நடந்தது நினைவுக்கு வந்து பிளேயரை விட்டுவிட்டேன். மிச்சம் இருந்த கம்பியும் அறுந்தால் அப்புறம் மாமாவின் கடப்பாரைதான்.

அப்போது தேவைப்பட்டது எண்ணெயும் நேரமும். பட்டை இருக்கும் இடத்துக்கு எண்ணெயைக் கொண்டு சேர்ப்பது எப்படி? பானெட்டின் முன் விளிம்புக்கும் கிரில் தகட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான். ஸ்பிரே டப்பாவின் குழாய் அதில் நுழைந்தது, ஆனால் துவண்டு எங்கெங்கோ அடித்தது. கட்டுத்தரையில் மாட்டுக்கு ஊசி போட வைத்திருந்த சிரிஞ்சு கண்ணில் பட்டது. அதன் முனையில் டிரிப் ஏற்றும் மெல்லிய குழாயை மாட்டினேன். குழாய் வளையாமல் போக, ஒரு தென்னை ஈர்க்கைச் சீவி அதோடு சேர்த்து நூலால் கட்டினேன். ஈர்க்கு விறைப்பாகவும் இருக்கும், தேவையான இடத்தில் வளைந்தும் கொடுக்கும். டார்ச் வெளிச்சத்தைக் கிரில் வழியாக அடித்துக்கொண்டு, ஈர்க்கின் நுனி அந்த முளையைத் தொடும்வரை நகர்த்தினேன். டீசலும் இஞ்சின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஐந்து மில்லி, அரை மணி நேரம் கழித்து இன்னொரு ஐந்து, பொழுதோட இன்னொரு ஐந்து. துரு விடுவதற்கு வாணலி நெருப்பு, கேஸ் கட்டர் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் வண்டி அது, கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் அந்த மூடிக்குக் கீழேதான் இருக்கின்றன. பிரேக் ஆயிலையும் ஊற்றக் கூடாது, பெயிண்டைத் தின்றுவிடும்.

இராத்திரி முழுக்கப் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் அந்தத் திறப்பு வழியாக ஆடியில் வரும் காற்றும் சாரலும் எங்கள் தோப்புகளை உயிரோடு வைத்திருக்கின்றன. இரும்புக்கு அது ஆகாது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு தடவை எழுந்து போய் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, காப்பி குடிச்சிட்டுப் பாக்கலாமா, பாத்துட்டுக் குடிக்கலாமா?" பார்த்துவிட்டே குடிப்போம் என்றேன். அவள் சாக்கைப் போட்டாள். இந்தத் தடவை ஒரேயடியாக அமுக்காமல், தொட்டிலை ஆட்டுவது மாதிரி அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, மெதுவாக. அந்த அசைவில் எண்ணெய் உள்ளே இறங்கும் என்பது அவளாகக் கண்டுபிடித்தது. நான் கம்பியை லேசாக விறைப்பில் மட்டும் வைத்திருந்தேன். ஏழாவது எட்டாவது அமுக்கலில் கம்பி என் கைக்குள் ஒரு நெல் அளவு நகர்ந்தது. "அப்படியே பிடி" என்று கத்தினேன். அவள் பிடித்தாள். இழுத்தேன்.

டக்.

பானெட்டு எழும்பி, இரண்டாவது கொக்கியில் நின்றது. இடுக்கில் விரலை விட்டு அந்தக் கொக்கியைத் தள்ளித் தூக்கினேன். எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அம்மா திண்ணையிலிருந்து "தொறந்துருச்சா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் பதில் சொன்னோம்.

உள்ளே பார்த்தபோது காரணம் கண் முன்னால் இருந்தது. பட்டையைச் சுற்றி ஈரப் புண்ணாக்கு மாதிரி ஒரு பழுப்புக் கட்டி. நகத்தால் கிள்ளினால் நார் நாராக வந்தது. தென்னை நார்த் தூள். எங்கள் ரோட்டில் இரண்டு நார் மில் இருக்கிறது, காற்றடிக்கும் மாதங்களில் துணி காயப்போட்டால்கூடத் தூள் படியும். அந்தத் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் நர்சரிக்காரர்கள் அதைக் கட்டி கட்டியாக வாங்கிப் போகிறார்கள். செடி வேருக்கு நல்லது செய்யும் அதே குணம், பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு இரும்பின் மேல் உட்கார்ந்தால் மாதக்கணக்கில் ஈரத்துணி போர்த்தியது போல ஆகிவிடும். நான் அந்த இடத்தைத் துடைத்துக் கிரீஸ் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றும் இருந்தது. போன வருடம் ஒரு பட்டறையில் பெயிண்ட் அடித்தபோது, பானெட்டு உட்காரும் ரப்பர்களை மாற்றியிருந்தார்கள். புது ரப்பர் பழையதைவிடத் தடிமன். ரப்பர் தடித்தால் முளையின் நீளத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். கூட்டவில்லை. அதனால் ஒரு வருடமாகப் பானெட்டு மூடும்போதெல்லாம் ரப்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து மேலே தள்ள, கூம்பு பட்டையை அளவுக்கு மீறி நெருக்கியிருக்கிறது. மூடும்போது கொஞ்சம் எச்சாக ஓங்கிச் சாத்த வேண்டியிருந்ததை நானும் கவனித்திருந்தேன், புதுசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்கள் வண்டியில் பானெட்டோ டிக்கியோ திடீரென்று ஓங்கிச் சாத்தினால்தான் மூடுகிறது என்றால், அன்றைக்கே முளையைப் பாருங்கள்.

அப்புறம் நடந்தது நிதானமான வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலை. தூளை முதலில் காய்ந்த துணியால் எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பட்டையையும் அதன் சின்ன ஸ்பிரிங்கையும் தேய்த்தேன். கூம்பின் தோளில் துரு கடித்த பள்ளங்களை நயமான உப்புத்தாளால் வழவழப்பாக்கினேன். முளையின் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் முளையை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, நட்டை இறுக்கினேன். இரண்டாவது கொக்கியைத் தனியாகப் பார்த்தேன். லாக் விட்டுவிட்டால் ஓடும் வண்டியில் பானெட்டைப் பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் அதை மாற்ற வேண்டும். எங்களுடையது விறைப்பாகவே இருந்தது.

கேபிளுக்குப் பொள்ளாச்சி போனேன், பஸ்ஸில். அம்பாசடர் பானெட்டு கேபிள் மூன்று கடையில் இல்லை. நான்காவது கடைக்காரர் என் கையில் இருந்த பழைய துண்டை வாங்கி, விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டோவின் கிளட்ச் கேபிள் ஒன்றை எடுத்து வைத்தார். "நீளம் பத்தும், கம்பி இதைவிட நயம்ங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். அதை மாட்டுவதற்கு முன் எண்ணெய் ஊட்டினேன். கேபிளின் ஒரு நுனியில் பாலிதீன் பையைப் புனல் மாதிரிக் கட்டி, அதில் இரண்டு கரண்டி ஆயில் ஊற்றி, வாசல் வேம்பின் கிளையில் தொங்கவிட்டேன். மறுநாள் காலை கீழ் நுனியில் சொட்டு நின்றது. அப்படி நின்றால் நடுவில் எங்கும் காய்ந்த இடம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். வண்டிக்குள் கொண்டுபோகும்போது எங்கும் முறுக்கி மடக்காமல், பெரிய வளைவாக, சைலன்ஸர் குழாய் பக்கம் அண்டாமல் கட்டினேன். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டேன், இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பே உறையை அறுத்துவிடும்.

வேலை முடிந்த வேகத்தில் பானெட்டை மூடிப் பார்க்கத் தோன்றும். மூடாதீர்கள். திறந்திருக்கும்போதே ஒரு திருப்புளியை முளை மாதிரி ஓட்டைக்குள் விட்டு, பட்டை கவ்வுகிறதா என்று பாருங்கள். அப்புறம் உள்ளே போய்க் குமிழை இழுத்து, பட்டை முழுசாக விலகித் திருப்புளி விடுபடுகிறதா என்று பாருங்கள். நான் பத்து தடவை செய்தேன். நான்காவது தடவை கம்பியைப் பிடிக்கும் திருகு கொஞ்சம் வழுக்கியது. மூடியபின் வழுக்கியிருந்தால் மறுபடியும் ஈர்க்கும் சிரிஞ்சும்தான்.

இன்னொரு ஏற்பாடும் செய்துவைத்தேன். பட்டையில் இரண்டாவதாக ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைக் கட்டி, கீழே இறக்கி, வெளியில் தெரியாத ஓர் இடத்தில் வளையமாக முடிந்திருக்கிறேன். எந்த இடம் என்று என் மனைவிக்கும் எனக்கும் ஆனைமலை அண்ணனுக்கும் மட்டும் தெரியும். பேட்டரி திருடுகிறவனுக்குத் தெரியக் கூடாது அல்லவா.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. பானெட்டை இறக்கி, உள்ளங்கையால் அமுக்கினேன். ஓங்கிச் சாத்தவில்லை. தானாகக் கவ்விக்கொண்டது. அண்ணனுக்குப் போன் போட்டு, போனைப் பானெட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, மனைவி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் குமிழை இழுத்தேன். 'டக்' என்ற சத்தத்தை அவர் கேட்டார்.

"இன்னொருக்கா போடு கண்ணு" என்றார். இன்னொரு தடவை போட்டேன்.

திங்கட்கிழமை விடியலில் அதே ஐந்நூறு காயை மறுபடியும் ஏற்றினோம். அம்மா திண்ணையிலிருந்து, "தண்ணி பாத்தியா சாமி?" என்றாள். குமிழை இழுத்து, முன்னால் வந்து, கொக்கியைத் தள்ளித் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். ஒரு சொம்பும் இன்னும் அரைச் சொம்பும் பிடித்தது.